சைடுகாருக்கு ஒரு டயர்

செழியன் எழுந்தான், பல் துலக்கினான், டீ போட்டான், கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் பைக்கின் சைடுகாரில் உட்காரவைத்தான். மனைவி யாமினி இறந்த பிறகு தினமும் இதுதான். சைடுகாரில் கனம் இல்லாவிட்டால், இடதுபக்கம் திரும்பும்போது அதன் சக்கரம் அந்தரத்தில் எழும்பிவிடுகிறது.

இன்று டயர் மாற்றப் போய் நின்றதும், டயர் கடை சவரிமுத்து சைடுகாருக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, கல்லுக்குப் போர்வையெல்லாம் போத்தியிருக்கீங்க?”

“சீட்டு கிழிஞ்சிடும்ண்ணே.”

“மூணு டயரும் மொட்டை. பேசாம சைடுகாரைக் கழட்டிருங்க. நாலு போல்ட்டுதான். ரெண்டு டயரோட வேலை முடிஞ்சுது. கல்லுக்கு ஊர் சுத்திக் காட்றதா வேண்டுதலா?”

ஸ்பானரோடு அவர் குனிந்தேவிட்டார்.

“வேணாம்ண்ணே. மூணும் போடுங்க.”

“அதுல இனிமே யாரு தம்பி உக்காரப்போறா?”

செழியன் கல்லின் மேல் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். யாமினி கடைசியாக ‘முருகா’ என்றாளென்று மாமியார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறார். அவனும் மறுத்ததில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் திருப்பி அவள் சொன்னது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

“ஏங்க, வண்டிய நெழல்ல விடுங்க. போறப்ப எனக்கு சீட்டு சுடும்.”