அம்மா போட்ட தகடு

இசக்கித்துரைக்கு வயசு இருபத்திமூன்று. உடம்பு திருப்பூரில் இருந்தாலும், மனசு முழுக்க சங்கரன்கோவில் வீட்டில் அவன் விற்பதற்காக வளர்க்கும் கரப்பான்களிடம் இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டான்.

"எம்மா, கரப்பானுக்கு கேரட் போட்டியா? அதுக ஒளிஞ்சிருக்க முட்டை அடுக்குற அட்டையை நனைச்சிராத."

"போட்டாச்சுலே. இப்பதான் கோமதி அம்மனுக்குத் தகடு வாங்கி உண்டியல்ல போட்டுட்டு வாரேன்."

வீட்டில் பூச்சித் தொல்லை ஒழிய, அந்தப் பூச்சியின் உருவத் தகட்டைக் காணிக்கை போடுவது ஊர் வழக்கம்.

"கரப்பான் தகடாம்மா போட்ட? நாளைக்கு என் மொத யாவாரம்மா!"

"ஏலே கிறுக்கா! கேரட் சீவிப் போட்டு வளத்த புள்ளைகளையா போகச் சொல்லுவேன்? பல்லித் தகடுலே! கரப்பான் டப்பா மேல பல்லி ஒண்ணு வந்து நாக்கைச் சுழட்டுச்சு. வெளக்குமாத்தால வெரட்டிட்டேன். இனி பல்லி, ஓணான் எதுவும் இந்த வாசப்படி ஏறட்டும், பாக்கேன்."

போனை வைத்தவன் பதறிப்போய், குடும்ப குரூப்பில் வாய்ஸ் டைப்பிங்கைத் தட்டிப் பேசினான்.

"இதை யாரு வாசிச்சாலும் உடனே எங்க வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் கரப்பான் வாங்க வாறவரு, அதைத் திங்கப்போற வெளிநாட்டு ஓணானையும் தோள்ல தூக்கிட்டு வாறாரு. அம்மாட்ட இருந்து அந்த வெளக்குமாத்தை வாங்கி ஒளிச்சு வச்சிருங்க."