ஏறுகல்லும் கிழட்டுக் குதிரையும்

துரை பங்களாவின் குதிரை லாயம் அது. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் கல் பாவிய முற்றம். குதிரைமேல் வரும் துரை தொப்பியோடு குனியக்கூடாது என்று வாசல் வளைவை உயர்த்திக் கட்டி, உச்சியில் கடிகாரம் வைத்திருந்தார்கள். முற்றத்தின் மறுகோடியில், துரை மிதித்து ஏற மூன்று படி செதுக்கிய கல்.

தினமும் காலையில் கிழட்டுக் குதிரை வந்து, இடது பக்கம் கல்லில் உரச நிற்கும்.

"துரைக்கு இன்னிக்குச் சளியாம்," என்று கல் சொல்லும். மறுநாள், "மழை வர்ற மாதிரி இருக்குல்ல, அதான் வரலை."

குதிரை தலையாட்டிவிட்டு மேயப் போகும்.

கடிகாரத்துக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், வளைவைக் கடந்த குதிரையிடம் போட்டு உடைத்தது. "துரை செத்து வருஷமாச்சு. அந்தக் கல்லு உன்னை ஏமாத்துது!"

"மெதுவாப் பேசு, அதுக்குக் கேட்டுடப் போகுது," என்றது குதிரை. "அவரைக் கல்லறைக்கு வண்டியில இழுத்துட்டுப் போனதே நான்தான். பாவம், அந்தக் கல்லு இந்த முற்றத்தை விட்டு வெளிய போனதில்ல. அவர் வருவார்னு இன்னும் நம்பிட்டிருக்கு."

மறுநாள் காலை குதிரை வந்து நின்றது.

"இன்னும் சளி விடலையாம்," என்றது கல்.

"அவசரமில்ல. உடம்பைப் பாத்துக்கட்டும்," என்றது குதிரை.

கடிகாரம் மணியை மட்டும் அடித்தது.