வெள்ளித் தண்ணீர்

மாமனார் இரண்டு வெள்ளிக் கம்பிகளைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் இறக்கி, மின்சாரத்தைப் பாய்ச்சினார். "இதைக் குடிச்சா நோய் நொடி அண்டாது. சந்தேகமா இருந்தா என் முகத்தைப் பாருங்க!"

கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "தகதகன்னு இருக்கீங்க சார்!"

மருமகள் அவர் காதருகே குனிந்தாள். "மாமா, நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். நாலே நாள் போயிட்டு வந்துடறேன்."

"நீ இல்லாம இந்த வீடு ஒரு நாள் ஓடுமா?" என்று அவர் சபையறிய உருகினார். "மருமகளா இவ? மக!"

"கொடுத்து வச்சவம்மா நீ," என்றாள் எதிர்வீட்டுக்காரி. மருமகள் ஜாடித் தண்ணீரைப் பாட்டில்களில் ஊற்றத் தொடங்கினாள்.

ஆளுக்கொரு பாட்டிலோடு எல்லோரும் போனதும் மாமனார் கதவைத் தாழிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்து பழகிய கையால் அவள் ஈரப்பஞ்சை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். பூச்சு கரையக் கரைய, வருஷக்கணக்காய்க் குடித்த வெள்ளி ஏறிப்போன சாம்பல் நீலத் தோல் வெளியே வந்தது.

"இனியாவது குடிக்கிறத நிறுத்துங்க மாமா. என்னையும் அம்மாகிட்ட விடுங்க."

"நீ போயிட்டா இந்த மூஞ்சிய யார்கிட்ட காட்டுறது? நாளைக்குக் கன்னத்துல ஒரு கை கூடப் பூசு. நீலம் எட்டிப் பாக்குது."