நுரையீரல் இல்லாதவன்

காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்து வரப்பில் நின்றபடி, ரோபோ விஞ்ஞானி ராஜபாண்டி சென்னைப் பத்திரிகைக்காரருக்கு மனிதகுலத்தின் எதிர்காலத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மருந்தடிச்சு மருந்தடிச்சே எங்க அண்ணனுக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. இனி ஒரு தடவை அடிச்சாலும் ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. அதுக்காகத்தான் இந்த ரோபோவைப் படைச்சேன். அதுக்கு நுரையீரலே கிடையாது!"

பந்தலுக்கடியில், ரோபோவுக்கென்று அவர் தைத்துக் கொடுத்த மஞ்சள் உடையும் துணி முகமூடியுமாக ஓர் உருவம், முதுகில் தெளிப்பானோடு சளைக்காமல் மருந்தடித்துக்கொண்டிருந்தது.

"நடையப் பாருங்க, அசல் மனுசன்! அந்த நடையக் கொண்டுவர எனக்கு ரெண்டு வருசமாச்சு."

பத்திரிகைக்காரர் மெய்ம்மறந்து படமெடுத்தார். அப்போது அந்த உருவம் பந்தல்காலைப் பிடித்துக் குனிந்து இருமியது. இருமல் நிற்கவே இல்லை.

ராஜபாண்டி ஓடிப்போய் முகமூடியை இழுத்தார். உள்ளே அண்ணன் ஒச்சாண்டி.

"அண்ணே! ரோபோ எங்கண்ணே?"

"வீட்டுல போர்வை போர்த்தி வச்சிருக்கேன்டா" என்றார் ஒச்சாண்டி, மூச்சுக்குத் திணறியபடி. "மருந்து பட்டா துருப்பிடிச்சிரும்ல? என் தம்பி செஞ்ச பொருளு, பாழாப் போக விடுவேனா?"