நீலச் சால்வை

"அந்தக் கத்தியை அறுத்து எடுத்துடு பெருமாள். சிலை கையில தொங்குற தோலுக்கு நீலம் அடிச்சு சால்வையாக்கிடு."

பங்குப் பேரவைச் செயலர் சொன்னதைக் கேட்டு பெயின்டர் பெருமாள் தயங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து மறைமாவட்ட ஆயர் வருகிறார். அதற்காக ஆம்பூர்த் தேவாலயத்தில் எல்லாச் சிலைகளுக்கும் புது வண்ணம்.

"சாமி கையில இருக்கிறதப் போய் எடுக்கலாமா சார்?"

"சாமியா? சாவி வச்சிருந்தா பேதுரு. தட்டுல ரெண்டு கண்ணு இருந்தா லூசியம்மாள். பக்கத்துல சக்கரம் இருந்தா கத்தரினம்மாள். மாட்டுத்தோலோட எந்தப் புனிதர் நிக்கிறாரு? அந்தக் காலத்துல எவனோ டேனரி முதலாளி தொழிலாளிக்கு வச்ச சிலை இது. ஆயர் பார்த்தா நமக்குத்தான் அசிங்கம்."

"உங்கப்பா தெனம் இங்கதானே மெழுகுவத்தி ஏத்துவாரு?"

செயலரின் முகம் சுருங்கியது. அப்பா நாற்பது வருடம் டேனரியில் கத்தி பிடித்துத் தோலிலிருந்து சதை வழித்தவர். வேலை முடிந்ததும் அந்த வாடையோடு நேரே இங்கே வந்து முழங்காலிடுவார். கூடப் படிக்கிறவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று மகன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அப்பா போய் ஆறு வருடமாகியும் அந்த வெட்கம் போகவில்லை.

"அவருக்கு இன்னா தெரியும்? தன்னை மாதிரியே ஒருத்தன் கத்தியும் தோலுமா நிக்கிறான்னு கும்பிட்டாரு. நீ வேலையைப் பாரு. சிலை பீடத்துல உபயம்னு போட்டு என் பேரை எழுதிடு."

பெயர் எழுதிய சீட்டைப் பெருமாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை செயலர் வந்து பார்த்தார். கத்தி போயிருந்தது. நீலச் சால்வை பளபளத்தது. 'அப்பாடா' என்றிருந்தது அவருக்கு. பெருமாள் கீழே உட்கார்ந்து பீடத்தின் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பேரை நான் எழுத வேணாம் போலிருக்கு. ஏற்கெனவே கல்லுல வெட்டி வச்சிருக்காங்க."

செயலர் குனிந்து படித்தார். 'அர்ச். பர்த்தலமேயு.'

உயிரோடு தோலுரித்துக் கொல்லப்பட்ட அப்போஸ்தலப் புனிதர். சின்ன வயதில் எத்தனை முறை ஒப்பித்த கதை! இந்த ஊர்க் கண்ணுக்குத் தோல் என்றாலே மாட்டுத்தோல்தான் தெரிந்திருக்கிறது. கையில் தொங்கியது அவருடைய சொந்தத் தோல்; கத்தி, அவரை உரித்த கத்தி.

"உங்களுக்கு யாரு சார் இந்தப் பேரு வச்சது?"

செயலர் பர்த்தலமேயுவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எங்கப்பா" என்றார். "இந்தச் சிலையைக் கும்பிட்டுத்தான் வச்சிருக்காரு."