இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

அலுவலகத்து மேசை ஒன்றிலிருந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது; அன்றிலிருந்து அதன் நீலக் கேபிளின் ஒரு முனை சும்மா தொங்கியது. மறுமுனை மட்டும், எல்லாக் கணினிகளையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் செருகியிருந்தது.

பெருக்க வந்த செண்பகம், காலில் தட்டுகிறதே என்று தொங்கிய முனையையும் அதே பெட்டியில் செருகிவிட்டுப் போனாள்.

“யாரு அது?” என்று கேபிள் கேட்டுப் பார்த்தது.

“யாரு அது?” என்று திரும்பி வந்தது.

கேபிள் விடவில்லை. அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றிப் பெருகி, அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் முடங்கிப்போயின. நெட்வொர்க் பார்க்கிற இன்னாசி வந்து, ஒவ்வொரு வயராகப் பார்த்து, அந்த முனையைப் பிடுங்கிப் போட்டார்.

“உன் குரலைக் கேட்டு நீயே ஏமாந்துட்டியே,” என்றது ஸ்விட்ச்.

“ஏமாறலண்ணே, முதல்லயே தெரியும்,” என்றது கேபிள். “ஆனா ரெண்டு வருஷத்துல என்னை யாருன்னு கேட்டது அந்தக் குரல்தான்.”