கரை ஒதுங்கிய சட்டை

“பார்க்காம இருக்கதுல உங்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்டார் கிளாட்வின். மனிதர்கள் ஏன் தங்களுக்கே நட்டம் வரும்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பொருளாதாரப் பேராசிரியரின் ஆராய்ச்சி.

1974 மார்கழியில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன தோணி காணாமல் போனது. வேம்பாரில் கரை ஒதுங்கிய ஒரு சட்டையை மாதா கோயிலில் வைத்திருந்தார்கள். அந்தத் தோணியில் போனவரின் மனைவி பிளாரன்ஸ் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

“பார்க்காத வரைக்கும் அவரு வந்துருவாருன்னு இருக்கலாம்லா.”

“அது மனசு செய்ற ஏமாத்து. பார்த்துட்டா, பிள்ளைகளுக்கு அடுத்து என்னன்னு யோசிக்கலாம்.”

பிளாரன்ஸ் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“சரி, போவோம். ஆனா கடல்ல கிடைச்ச துணியக் கூடப்பிறந்தவந்தான் முதல்ல தொட்டுப் பார்க்கணும். நம்ம வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. அதுக்குத்தான் சாமியாரு தந்தி அடிச்சு உங்கள மெட்ராஸ்லேருந்து வரவழைச்சாரு. வந்ததுலேருந்து கோயில் பக்கமே போகாம, ஊருல ஒவ்வொருத்தர்ட்டயா கேள்வி கேட்டுட்டு இருக்கிய. உங்க அண்ணன் சட்டைதானான்னு பார்த்துருவோம், வாங்க.”

கிளாட்வின் தலை நிமிரவில்லை. மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார்.

“இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு, மதினி.”